இறக்கிய சுமை எங்கே ஏறுகிறது?

மலைநடை செல்லும் மாணவர் குழுக்களின் பேச்சில் கடந்த சில ஆண்டுகளாக ஒரு சொல் நிலைபெற்றுவிட்டது: ‘ஆஃப்லோடிங்’. ஹைதராபாத்தின் பல்கலைக்கழக வளாகங்களிலிருந்து கோடை விடுமுறையிலோ ஆண்டிறுதியிலோ இமயமலைக்குப் புறப்படும் குழுக்கள், தெலங்கானா விரைவு வண்டியில் ஒரு நாளுக்கு மேல் பயணம் செய்து தில்லியை அடைந்து, அங்கிருந்து பேருந்தில் மலையடிவாரம் சேர்கின்றன. அங்கே ஒவ்வொருவரிடமும் கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று, பையைத் தாமே சுமக்கப் போகிறார்களா, ஆஃப்லோடிங் செய்யப் போகிறார்களா என்பது. நாளொன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்தினால் பெரிய பை ஒரு கோவேறு கழுதையின் முதுகிலோ, உள்ளூர்த் தொழிலாளி ஒருவரின் முதுகிலோ ஏறிவிடும். மாணவர் தண்ணீர்க் குப்பியும் மழைச்சட்டையும் அடங்கிய ஒரு சிறுபையுடன் நடப்பார்.

இச்சொல்லின் இலக்கணம் கவனத்துக்குரியது. இறக்குதல் என்னும் வினையில் சுமை இருக்கிறது, இறக்குபவர் இருக்கிறார். இறக்கிய பின் அச்சுமை எங்கே சென்றது என்பதைச் சொல் சொல்வதில்லை. தமிழில் பேசும் மாணவர்கள் இதனை ‘பை மேலே வந்துவிடும்’ என்கிறார்கள். வருதல் செயப்படுபொருள் குன்றிய வினை. பைக்குக் கால்கள் முளைத்து அது தானாக ஏறி வருவதுபோல் வாக்கியம் அமைந்துவிடுகிறது. கொண்டுவருகிறவர் எழுவாயாக நிற்பதற்கு அதில் இடமில்லை. மொழியில் மறைந்த அந்த மனிதரையும் விலங்கையும் மீண்டும் கணக்கில் சேர்க்காமல், இலகுவான முதுகுப்பை பற்றிய எந்த உரையாடலும் முழுமை பெறாது.

ஒரு பயணியின் முதுகு இலகுவாவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, எடையைக் குறைப்பது. மற்றொன்று, எடையை இடம் மாற்றுவது. இரண்டின் விளைவும் நடப்பவரின் தோளுக்கு ஒன்றுபோலவே தோன்றும். மலைக்கோ, மலையில் வாழும் உழைப்பாளிக்கோ அவை ஒன்றல்ல. முதல் வழியையே இலகு என்று அழைக்க வேண்டும். இரண்டாவதை அதன் உண்மைப் பெயரால், சுமைமாற்றம் என்றே அழைக்க வேண்டும். முதுகுப்பையைத் தேர்ந்தெடுப்பதும் பயன்படுத்துவதும் இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்ட பின்னரே தொடங்க வேண்டிய செயல்கள்.

பையின் எடை குறித்து இந்நாட்டில் சட்டமும் கல்வியுலகமும் பேசியதே இல்லை என்று சொல்வதற்கில்லை. 2017 ஜூலையில் தெலங்கானா அரசு பள்ளிப் பைகளுக்கு எடை வரம்பு விதித்தது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு 1.5 கிலோ, பத்தாம் வகுப்புக்கு 5 கிலோ. அதற்கு முன்பே, 1993இல் யஷ் பால் குழு அளித்த ‘சுமையற்ற கற்றல்’ அறிக்கை இதைவிட நுட்பமான ஒன்றைச் சொன்னது: புத்தகங்களின் எடையைக் காட்டிலும் கொடிய சுமை, புரியாமையின் சுமை. அக்கூற்று மலைநடைக்கும் அப்படியே பொருந்தும். போகும் இடத்தின் தட்பவெப்பம் தெரியாதவர் மூன்று ஸ்வெட்டர்களை எடுத்துச் செல்கிறார். வழியில் ஓடை உண்டா என்று அறியாதவர் தேவைக்கு இருமடங்கு தண்ணீர் சுமக்கிறார். இரவில் எவ்வளவு குளிரும் என்று கேட்டறியாதவர் போர்வையின் மேல் போர்வையாக அடுக்குகிறார். அறியாமை ஒவ்வொன்றும் பைக்குள் ஒரு பொருளாக வந்து அமர்கிறது. ஆகவே எடையைக் குறைக்கும் முதற்கருவி, விலை உயர்ந்த பை அன்று. நிலப்படமும், வானிலை அறிக்கையும், அவ்வழியில் முன்பு சென்று வந்தவரிடம் கேட்டறிதலுமே.

இதன் இயல்பான தொடர்ச்சி, பையைக் கடைசியில் வாங்க வேண்டும் என்பது. நடைமுறையோ தலைகீழாக இருக்கிறது. மாணவர்கள் முதலில் 60 அல்லது 70 லிட்டர் கொள்ளளவுள்ள பையை வாங்குகிறார்கள். பிறகு அதை நிரப்புகிறார்கள். வெற்றிடம் இருக்கும் வரை மனம் பொருள்களைத் தேடிக்கொண்டே இருக்கும். எடுத்துச் செல்லப் போகும் அனைத்தையும் முதலில் தரையில் பரப்பி, சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக எடைபோட்டு எழுதி, பட்டியலில் கால்பங்கை நீக்கி, எஞ்சியவற்றை ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்கி அளந்தால், தேவைப்படும் கொள்ளளவு தானே தெரிந்துவிடும். கூடாரம் வேண்டாத மூன்று நான்கு நாள் சஹ்யாத்ரி நடைக்கு 35 முதல் 40 லிட்டர் போதும். தங்குமிடமும் உணவும் ஏற்பாடு செய்யப்பட்ட இமயமலை நடைகளுக்கு 40 முதல் 50 லிட்டருக்கு மேல் தேவைப்படுவது அரிது.

பையின் சொந்த எடையும் கணக்கில் சேர வேண்டும். உறுதியான சட்டகமும் பல உறைகளும் ஜிப்புகளும் கொண்ட வழக்கமான பெரிய பைகள் வெறுமையாகவே இரண்டு கிலோவை ஒட்டி இருக்கும். மெல்லிய நைலானால் செய்த, சட்டகம் உள்ள இலகுப் பைகள் ஒரு கிலோ அளவில் கிடைக்கின்றன. சட்டகமற்றவை அதிலும் பாதி. துணியின் தடிமனைக் குறிக்க ‘டெனியர்’ என்னும் அலகு வழங்குகிறது: 9,000 மீட்டர் நீளமுள்ள நூலின் எடை எத்தனை கிராமோ, அத்தனை டெனியர். எண் குறையக் குறையத் துணி இலகுவாகும். உராய்வையும் முட்செடியையும் தாங்கும் ஆற்றலும் பொதுவாகக் குறையும். தக்காணத்தின் கருங்கற் பாறைகளிலும் முட்புதர்களிலும் நடப்பவருக்கு மிக மெல்லிய துணி ஏற்றதன்று. சட்டகமற்ற பையும் எல்லார்க்கும் உரியதன்று; மொத்தச் சுமை ஒன்பது, பத்து கிலோவைத் தாண்டினால் சட்டகம் இல்லாத பை தோளை அறுக்கத் தொடங்கும். முதலில் சுமையைக் குறைக்காமல் பையின் எடையை மட்டும் குறைப்பவர், சில நூறு கிராம்களைச் சேமித்து நாள்முழுதும் வலியை விலைக்கு வாங்குகிறார்.

பொருத்தம் என்பது உயரத்தைப் பற்றியதன்று, முதுகின் நீளத்தைப் பற்றியது. தலைகுனியும்போது கழுத்தின் அடியில் புடைத்துத் தெரியும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை அளக்க வேண்டும். ஒரே உயரமுள்ள இருவருக்கு இவ்வளவு வேறுபடலாம். அளவு சரியாக அமைந்தால் இடுப்புப் பட்டை எடையின் பெரும்பகுதியை இடுப்பெலும்புக்கு மாற்றிவிடும். தோள்வார் பையை முதுகோடு அணைத்துப் பிடிக்கும் வேலையை மட்டும் செய்யும். கனமான பொருள்கள் முதுகை ஒட்டி நடுப்பகுதியிலும், உறக்கத்துக்குரியவை அடியிலும், பகலில் தேவைப்படுபவை மேலேயும் இருக்க வேண்டும். மழைக்கு வெளியே போர்த்தும் உறையைவிட, உள்ளே விரிக்கும் ஒரு தடித்த பாலித்தீன் பை அதிக நம்பிக்கைக்குரியது. வெளியுறை மழையில் முதுகுப்பக்கத்தை மூடுவதில்லை.

எண்களை வைத்துப் பார்த்தால் காட்சி தெளிவாகும். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்க வேண்டாம் என்பது மலைநடையாளர்களிடையே பரவலான கைவிதி. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 12 கிலோ. உணவும் தண்ணீரும் நீங்கலாக, பையோடு சேர்த்த அடிப்படை எடையை 5 கிலோவில் நிறுத்தினால், நாளொன்றுக்கு 600 கிராம் வீதம் மூன்று நாளுக்கு அவல், சத்துமாவு, பொரிவிளங்காய் உருண்டை போன்ற உலர் உணவு 1.8 கிலோ, தண்ணீர் 3 லிட்டர், அதாவது 3 கிலோ. மொத்தம் 9.8 கிலோ. வரம்புக்குள் வசதியாக அடங்கிவிடுகிறது. இந்தக் கணக்கில் மிகக் கனமான தனிப்பொருள் தண்ணீர் என்பதைக் காணலாம். ஓடைகள் நிறைந்த இமயமலைப் பாதைகளில் ஒரு லிட்டரும் ஒரு வடிகட்டியும் போதுமான இடங்கள் உண்டு. வறண்ட தக்காணத்தில் அது இயலாது. இலகுநடை பற்றிய அமெரிக்க நூல்களின் பட்டியல்களை அப்படியே பின்பற்றுவது ஹைதராபாத்துக்காரருக்குப் பயன்படாமற் போவதற்கு இதுவே காரணம்; அவர் தண்ணீரைக் குறைக்க முடியாது, பிறவற்றைத்தான் குறைக்க வேண்டும்.

கைவிதியில் ஒரு நீதிக்குறையும் உண்டு. 80 கிலோ எடையுள்ள மாணவர் 16 கிலோ வரை சுமக்கலாம்; 45 கிலோ எடையுள்ள மாணவிக்கு வரம்பு 9 கிலோ. ஆனால் ஸ்லீப்பிங் பேக், கம்பளி உடை, தண்ணீர் ஆகியவற்றின் எடை அவருக்காகப் பெரிதும் குறைவதில்லை. குழுவுக்குப் பொதுவான அடுப்பையும் பாத்திரத்தையும் கூடாரத்தையும் ஆளுக்குச் சமமாகப் பிரிப்பதே நியாயம் என்று பல குழுக்கள் கருதுகின்றன. விளைவாக, எடை குறைந்தவர்களே, அவர்களுள் பெரும்பாலும் பெண்களே, முதலில் களைத்து, முதலில் ஆஃப்லோடிங் கேட்க நேர்கிறது. பின்னர் அது அவர்களின் திறன்குறைவாகப் பேசப்படுகிறது. பொதுப்பொருள்களைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்காமல் உடல் எடைக்கேற்பப் பிரித்தால் இச்சிக்கலின் பாதி அங்கேயே தீரும். சமத்துவம் பற்றிய கருத்தரங்குகளில் பேசப்படுவதைத் தராசின் முன் நின்று செய்து பார்ப்பதற்கு இது நல்ல வாய்ப்பு.

இவ்வாதத்துக்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, இலகு என்பது பணக்காரர்களின் சரக்கு என்பது. இதில் உண்மை இருக்கிறது. எடை குறைந்த ஸ்லீப்பிங் பேக்கின் விலை உதவித்தொகையில் வாழும் மாணவரின் பல மாதச் சேமிப்பாக இருக்கலாம். எனினும் எடைக்குறைப்பின் முதற்பகுதி செலவற்றது: மாற்று ஜீன்ஸ், இரண்டாம் காலணி, முழுக்குப்பி ஷாம்பு, ஐவருக்கு ஐந்து பவர் பேங்க், படிக்கப்படாமலே திரும்பும் தடித்த நூல். இவற்றை விட்டுவிட்டுச் செல்ல யாரும் காசு கொடுக்க வேண்டியதில்லை. 1955இல், 67 வயதில், எம்மா கேட்வுட் என்னும் அமெரிக்க மூதாட்டி 3,200 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அப்பலாச்சியன் பாதை முழுவதையும் தனியாக ஒரே பருவத்தில் நடந்து முடித்தார். அவரிடம் இருந்தது தாமே தைத்த ஒரு துணிப்பை. அதைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டார். கூடாரத்துக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் திரை. இலகுநடையைச் சந்தை கண்டுபிடிக்கவில்லை. பிற்காலத்தில் அதற்கு விலைச்சீட்டு ஒட்டியது, அவ்வளவே.

இரண்டாவது மறுப்பு கனமானது: சுமை தூக்குதல் மலைவாழ் மக்களின் வாழ்வாதாரம்; மாணவர்கள் தம் பையைத் தாமே சுமந்தால் அவர்களின் வருமானம் குறையாதா? இதனை ஒதுக்கித் தள்ள முடியாது. கூலிக்குச் சுமை தூக்குவது இழிவான தொழிலன்று. முதியோர், உடல்நலம் குன்றியோர், மாற்றுத்திறனாளிகள் முதலியோர் மலையைக் காண்பதற்கு அத்தொழில் இன்றியமையாதது. கேள்வி, அத்தொழில் இருக்கலாமா என்பதன்று. எந்த எடையில், எந்தக் கூலியில், யாருடைய கணக்கில் அது நடக்கிறது என்பதே. உலகத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே வயது வந்த ஆண் தொழிலாளி தூக்கும் சுமைக்கு 55 கிலோவை உச்சவரம்பாகப் பரிந்துரைத்தது. பெரு நாடு 2001இல் சுமைதூக்குவோருக்கென்றே சட்டம் இயற்றி, இன்கா பாதையில் அவர்கள் சுமப்பதை 20 கிலோவுக்கு வரையறுத்தது. பாதையின் தொடக்கத்திலேயே சுமைகள் எடைபோடப்படுகின்றன. நேபாளத்தில் மலையேற்றச் சுமைதூக்குவோருக்கு 30 கிலோ வரம்பு வழங்குகிறது. நம் மலைப்பாதைகளில் மாணவர் தம் பை எத்தனை கிலோ என்று தெரியாமலே அதை ஒப்படைக்கிறார். எடை தெரியாத சுமைக்கு நியாயக் கூலி எப்படி அமையும்?

விலங்குகளின் நிலை இன்னும் மோசமானது; அவை கூலி பேசுவதில்லை. கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத் செல்லும் பாதையில் 2022ஆம் ஆண்டு யாத்திரைப் பருவத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குதிரைகளும் கோவேறு கழுதைகளும் இறந்தன. ஓய்வின்மை, போதிய தீனியும் நீரும் இன்மை, அளவுக்கு மீறிய சவாரிகள் ஆகியவை அப்போது பேசப்பட்டன. அங்கே நடப்பது யாத்திரை, இங்கே நடப்பது மலைநடை என்று பிரித்துக்கொள்வது எளிது. ஏறும் முதுகு அந்த வேறுபாட்டை அறியாது.

‘அவர்களுக்குப் பழகிவிட்டது’ என்னும் விடை அடிக்கடி கேட்கிறது. இதற்கு அறிவியல் சான்று போல் எடுத்தாளப்படக்கூடிய ஆய்வும் உண்டு. நேபாளத்துச் சுமைதூக்குவோர் நாம்சே சந்தைக்குச் செல்லும் வழியில் சுமந்ததை அளந்து, 2005இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான கட்டுரை, ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் 93 விழுக்காடும் பெண்கள் 66 விழுக்காடும் சுமப்பதைக் காட்டியது. நெற்றிப் பட்டையால் சுமக்கும் அவர்கள் மேலைநாட்டு முதுகுப்பையாளர்களைவிடக் குறைந்த ஆற்றலைச் செலவிடுவதையும் அது நிறுவியது. வியப்புக்குரிய செய்தி. ஆனால் மூச்சின் ஆக்சிஜனை அளந்த ஆய்விலிருந்து முழங்காலின் தேய்மானத்தைப் பற்றியோ, வேறு வேலை இருந்தால் அவர்கள் இதைத் தேர்ந்திருப்பார்களா என்பதைப் பற்றியோ முடிவு கட்ட இயலாது. ஒருவர் ஒன்றைத் திறமையாகச் செய்கிறார் என்பது, அதை அவர்மீது ஏற்றுவதற்கான அனுமதிச்சீட்டு ஆகாது.

தன் சுமையைத் தானே சுமப்பது மேலைநாட்டிலிருந்து இறக்குமதியான ஒழுக்கம் அன்று. சபரிமலைக்குச் செல்வோரின் இருமுடி இதற்கு நம் கண்முன் உள்ள சான்று. ஹைதராபாத்திலும் கார்த்திகை மாதத்தில் கருப்பு உடையணிந்த ஐயப்ப பக்தர்களைக் காணாத தெரு இல்லை. முன்முடியில் நெய்த்தேங்காய் உள்ளிட்ட காணிக்கைப் பொருள்கள், பின்முடியில் வழிப்பயணத்துக்கான உணவு. இரண்டே அறைகள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு நோக்கம். எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை வழியாகப் பம்பைக்கு நீளும் பழைய காட்டுப்பாதையை நடப்போர் நெடுந்தூரம் அதைத் தலையில் தாங்குகிறார்கள். இருமுடி இல்லாதவர் பதினெட்டாம் படி ஏற முடியாது. சுமை அங்கே பயணத்தின் இடையூறு அன்று; பயணத்துக்கான தகுதி. பொருள்களைச் சுருக்கியதும் பைக்குள் இருப்பதை இடம் பிரித்ததும் மரபு செய்த வடிவமைப்பு. இன்றைய இலகுநடை நூல்கள் சொல்வதற்கு இது மிக அருகில் இருக்கிறது.

தமிழகத்துப் பழஞ்சாலைகளின் ஓரம் நிற்கும் சுமைதாங்கிக் கற்களும் ஓர் அளவுகோலைத் தருகின்றன. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவை எழுப்பப்பட்டன. தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றித் தாமே இறக்கி வைக்கவும், மீண்டும் தாமே ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் அவை அமைந்தன. மலைப்பாதையில் சுமைதாங்கி கிடையாது. ஆகவே தேர்வு எளியது: நிரப்பிய பையைத் தரையிலிருந்து ஒருவர் தாமாகத் தூக்கி அணிய முடிகிறதா? அணிந்து அரைமணி நேரம் மாடிப்படி ஏறி இறங்க முடிகிறதா? இரண்டில் ஒன்று இயலாவிட்டாலும் பை திரும்பவும் பிரிக்கப்பட வேண்டும். இதற்கு இமயம் தேவையில்லை. கச்சிபௌலியில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் பாறைகள் நிறைந்த வளாகமே போதும். இன்னும் வேண்டுமென்றால் விகாராபாத் அருகே அனந்தகிரிக் குன்றுகள் ஒரு வார இறுதிப் பயண தூரத்தில் உள்ளன.

இந்நகரின் அருகிலிருந்து எழுந்த ஓர் எடுத்துக்காட்டு இங்கு நினைவுகூரத்தக்கது. நிஜாமாபாத் மாவட்டத்துப் பாகாலா கிராமத்தைச் சேர்ந்த மாலாவத் பூர்ணா, அரசின் சமூகநல உறைவிடப் பள்ளி மாணவி. ஹைதராபாத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புவனகிரிப் பாறையில் பயிற்சி தொடங்கி, 2014 மே 25 அன்று, 14 வயது நிறைவதற்கு முன்பே எவரெஸ்டின் உச்சியை அடைந்தார். எவரெஸ்டில் ஷெர்பாக்களின் துணை வழக்கமானது. 2022 ஜூனில் அவர் ஏறிய வட அமெரிக்காவின் டெனாலி வேறு வகை: அங்கே சுமைதூக்குவோர் கிடையாது, ஏறுபவர்கள் உணவையும் கூடாரத்தையும் தம் முதுகிலும், இடுப்பில் கட்டி இழுக்கும் சறுக்குவண்டியிலும் தாமே கொண்டுசெல்ல வேண்டும். பிறர் துணையோடு ஏறும் மலைகளும் உண்டு, தானே சுமந்து ஏறும் மலைகளும் உண்டு. இரண்டையும் அறிந்தவரே சுமையின் அளவை அறிவார்.

எனவே பல்கலைக்கழக மலைநடைக் குழுக்கள் மூன்று வழக்கங்களை ஏற்கலாம். புறப்படும் நாளில் விடுதி வாசலில் ஒரு தொங்குதராசு வைத்து ஒவ்வொரு பையையும் எடைபோட்டு, பெயருக்கு எதிரே எழுதுவது. பொதுப்பொருள்களை உடல் எடைக்கேற்பப் பிரிப்பது. உண்மையிலேயே சுமக்க இயலாதவருக்காகச் சுமைதூக்குபவரை அமர்த்தினால், அவரது பெயரைக் குழுவின் உறுப்பினர் பட்டியலில் சேர்த்து, சுமையின் எடையை அவரிடம் சொல்லி, கூலியை அவரிடமே கேட்டு முடிவு செய்வது. மூன்றாவது வழக்கம் நிலைபெற்றால் ‘பை மேலே வந்துவிடும்’ என்னும் வாக்கியத்துக்கு ஓர் எழுவாய் கிடைக்கும்.

தமிழில் பொறு என்னும் வினையடியிலிருந்தே பொறை, பொறுமை, பொறுப்பு ஆகிய மூன்றும் பிறந்தன: சுமை, தாங்கும் குணம், தாங்க வேண்டிய கடமை. அடுத்த விடுமுறைக்குப் பை வாங்கப் போகும் மாணவர் லிட்டரையும் டெனியரையும் கேட்பதற்கு முன்னால், பட்டியலையும் தராசையும் எடுத்துக்கொண்டு அமரட்டும்.